மாமியின் கல்வெட்டு

“எது முதல் வேணும் அக்கா? ஒவ்வொண்டாய்ச் சொல்லுங்கோ.”

பிரணவன் கேட்டது சாதாரணக் கேள்வி. கொம்பியூட்டர் திருத்துகிற கடையில் நாளுக்குப் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வி. ஆனால் வினோஜா அவனைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தாள். உரும்பிராயிலிருந்து கஸ்தூரியார் வீதி வரைக்கும் ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி இப்போது மேசையில் வயிறு திறந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்கை அவன் ஒரு வயரில் கொழுவித் தன்னுடைய கொம்பியூட்டரோடு பொருத்தியிருந்தான். அது நின்று நின்று ‘டக், டக்’ என்று அடித்துக்கொண்டிருந்தது. கடையின் திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்தது. தங்கள் சாமானுக்கு என்ன நடக்கிறது என்று ஆட்கள் பார்த்துத் திருப்திப்படட்டும் என்று அப்படி வைத்திருந்தான். பிறிண்டர் திருத்த வந்த ஒரு பெரியவரும் தோளில் பையோடு கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளையும், வேறு வேலை இல்லாதபடியால், அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இது போற சாமான் அக்கா,” என்றான் பிரணவன். “ஒரு மணித்தியாலம் ஓடுமோ, பத்து நிமிசத்திலை நிக்குமோ, எனக்கே தெரியாது. எல்லாத்தையும் ஒருமிக்க எடுக்கப் போனால் ஒண்டும் வராது. முக்கியமானதை முதல் எடுப்பம்.”

முக்கியமானவை அந்த வீட்டுக் கொம்பியூட்டரில் நான்கு இருந்தன. சேர் வகுப்பில் கொடுக்கிற ரியூட்டுகள், பதினைந்து வருசத்துக் கணிதப் பயிற்சித் தாள்கள். மகள் தாரிகாவின் படங்கள், பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எடுத்ததிலிருந்து போன மாதப் பிறந்தநாள் வரைக்கும் எட்டு வருசம். கலியாண வீடியோ. பிறகு, போன வருசம் காலமான மாமியாரின் கல்வெட்டு. கல்வெட்டு என்றதும் யாரும் பாறையைத் தேடவேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆள் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்குத்தான் அந்தப் பெயர். முன்னட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி. மாமியார் ஞானாம்பிகைக்கு அறுபத்துநான்கு பக்கம். அத்தனையையும் இரவு பகலாக இருந்து ரைப் பண்ணியவள் வினோஜா.

ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது. அதை அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

“பிள்ளையின்ரை படங்கள்,” என்றாள். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

சேர் யாரென்று சொல்லவேண்டும். வினோஜாவின் புருசன், பெயர் ஜெயரூபன். ஆனால் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட ஊரில் ஆள் இல்லை. ரூபன் சேர். அவருடைய கணித வகுப்பில் இடம் பிடிக்கப் பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே தாய்மார் வந்து பேர் கொடுத்து வைப்பார்கள். டொக்டர்மார், என்ஜினியர்மார், வங்கி மனேஜர்மார், இப்படிக் கொம்பியூட்டர் கடை போட்டவர்கள், எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். எல்லாரும் அவரிடம் அடி வாங்கியவர்கள். அந்த அடியைப் பற்றிப் பெருமையாகவும் பேசுவார்கள். ஊரே சேர் என்கிறபோது நாமும் சேர் என்றே வைத்துக்கொள்வோம், மரியாதை கெட்டவர்கள் என்று யாரும் சொல்லக்கூடாது.

காலையில் அவளுடைய பெட்டியைப் பார்த்ததுமே பிரணவனும் அதைத்தான் சொன்னான். “சேரின்ரை அடியாலைதான் அக்கா நான் இண்டைக்கு ஆளானன். பிரம்பு முறியிற வரைக்கும் அடிச்சவர். அந்த வருசம் எனக்குக் கணிதத்துக்கு ஏ.” சொல்லிவிட்டுச் சிரித்தான். பெரியவரும் சிரித்தார். வினோஜாவும் சிரித்தாள். எட்டு ஒன்பது வருசமாய் அந்த இடத்தில் சிரிக்கப் பழகியிருந்தாள்.

அந்த ஐந்தாவது சாமான் நாற்பத்தொரு கோப்புகள். குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஃபோனில் எடுத்த படங்கள் முப்பது. தோள், முதுகு, கழுத்தின் பின்பக்கம், ஒரு தரம் காது. அரிசி வாளிக்குப் பின்னால் ஃபோனை வைத்துப் பதிந்த குரல்கள் ஒன்பது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று பொய் சொல்லிக் கைக்கு மாவுக்கட்டுப் போட்ட நாளில் கிடைத்த ஆஸ்பத்திரித் துண்டின் படம் இரண்டு. ஃபோனை சேர் ஒவ்வொரு நாளும் வாங்கிப் பார்ப்பார். கைப்பையை மேசையில் கொட்டிப் பார்ப்பார். அவளுடைய ஈமெயிலின் இரகசியச் சொல்லை வைத்ததே அவர்தான். ஆனால் கொம்பியூட்டரில் அவருக்குப் பிறிண்ட் கொடுப்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ரியூட் அடிப்பது, கோப்புகளை ஒழுங்குபடுத்துவது எல்லாம் அவளுடைய வேலை. அதனால் அவர் வகுப்புக்குப் போனபின் ஃபோனிலிருந்து கொம்பியூட்டருக்கு மாற்றிவிட்டு ஃபோனில் அழித்துவிடுவாள்.

இரண்டு பேரிடம் வாயால் சொல்லிப் பார்த்ததும் உண்டு. அளவெட்டியில் தாயிடம் சொன்னாள். “உன்ரை வாயும் சும்மா இருந்திராது,” என்றாள் தாய். தம்பி சயந்தனிடம் சொன்னாள். சேரிடம் படித்துப் பொறியியல் பீடம் போனவன் அவன். “சேரோ? விசர்க்கதை கதையாதை அக்கா,” என்று ஃபோனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் கிளினிக்கில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸில் இருந்த நம்பருக்கு எடுத்தாள். பேசிய பெண் சட்டத்தரணி வாய்ப்பேச்சைக் கேட்டு அனுதாபப்படவில்லை. “ஆதாரம் என்ன வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டாள். நாற்பத்தொன்று என்றதும், “செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எல்லாத்தையும் கொண்டு வாங்கோ. பிள்ளையை உங்களோடை வைச்சிருக்கிறதுக்கு உதுதான் உங்களுக்குக் கைகாவல்,” என்றாள். இன்று சனிக்கிழமை. நேற்று மாலைதான் கொம்பியூட்டர் நீல நிறத்தில் உறைந்து, பிறகு எழும்பவே மறுத்தது. இரவு முழுக்க அவளுக்கு நித்திரை இல்லை. காலையில் சேர் தானாகவே, “எனக்கு இண்டைக்கு வகுப்பு. நீ கொண்டுபோய் எங்கடை பிரணவனிட்டைக் குடு,” என்றபோது, கடவுள் கண் திறந்துவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

கடவுள் எந்தப் பக்கம் பார்த்துக் கண் திறந்தார் என்பது ஒன்பதே முக்காலுக்குத் தெரிந்தது. பிரணவனின் ஃபோன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்ததும் அவன் கதிரையை விட்டு எழும்பி நின்றான். ஃபோனில் பேசுகிறவருக்கு எழும்பி நிற்பது தெரியப்போவதில்லை, ஆனாலும் எழும்பினான்.

“ஓம் சேர். வந்திட்டா சேர். இஞ்சைதான் நிக்கிறா... ஓம்... ஓம் சேர். விளங்குது சேர்.”

ஃபோனை வைத்துவிட்டு உட்கார்ந்தான். “சேர் சொல்லுறார், அம்மாவின்ரை கல்வெட்டு உதுக்குள்ளை இருக்காம். ஒரு வருசத்து ஆட்டைத் திவசம் வருதாம், திரும்ப அச்சடிக்கவேணுமாம். அதை முதல் எடுத்துப்போட்டு மற்ற வேலையைப் பார் எண்டுறார். பத்தரைக்குத் தானே வந்து வாங்கிக்கொண்டு போறாராம்.”

வினோஜா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நாற்பத்தொன்றையும் அவள் ஒளித்து வைத்திருந்தது கல்வெட்டுக்குள்ளேதான். எங்கே ஒளிப்பது என்று ஒரு கிழமை யோசித்துக் கண்டுபிடித்த இடம் அது. சேருக்குத் தாயின் முகத்தைத் திரையில் பார்க்கத் தாங்காது. கல்வெட்டுப் படிவத்தைப் பார்க்கக் கூப்பிட்டபோதுகூட அட்டையைக் கண்டதும் அழுதுகொண்டு எழும்பிப் போய்விட்டார். அவர் திறக்கமாட்டார். இடம் போதவில்லை என்று யாரும் எதை அழித்தாலும் செத்த தாயின் கல்வெட்டை இந்த ஊரில் ஒருவரும் அழிக்கத் துணியமாட்டார்கள். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டோ என்று அன்றைக்கு நினைத்தாள். கல்வெட்டு ஃபோல்டருக்குள் ‘அச்சகம் பழையது’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதற்குள் போட்டாள். ஒருவரும் அழிக்கத் துணியாத சாமானை ஒருவரும் காப்பாற்றாமல் விடவும் துணியமாட்டார்கள் என்பது மட்டும் அவளுடைய புத்தியில் படவில்லை.

பிரணவன் ஃபோல்டரைத் திறந்தான். டிஸ்க் நாலு தரம் அடித்து, மூச்சு வாங்கி, உள்ளே இருந்ததைக் காட்டியது. அட்டை. வம்சாவளி. தேவாரம். படங்கள். அச்சகம் பழையது.

“அந்தக் கடைசி தேவையில்லை,” என்றாள் வினோஜா. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ என்று கேட்டது. “அது பழைய புறூவ். பிழை பிழையாய்க் கிடக்கும். விடுங்கோ.”

“கிடக்கட்டும் அக்கா. சேர் பேந்து அது எங்கை எண்டு கேட்டால் என்ரை தலையிலைதான் விழும். எவ்வளவு பாரம் எண்டு பாப்பம்.”

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவனுடைய தொழிலே அது. இரண்டு தரம் தட்டினான். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாகப் படங்கள் ஒவ்வொன்றாய் வரத் தொடங்கின. முதல் வரிசையில் தோள். அடுத்ததில் முதுகு, பிரம்பு விழுந்த இடம் இரட்டைக் கோடாய்த் தெரிகிற முதுகு. அதற்குக் கீழே கழுத்து. முகம் ஒன்றிலும் இல்லை, ஆனால் ஒரு படத்தில் கழுத்தோரத்தில் தாலிக்கொடி தெரிந்தது. அதே தாலிக்கொடி இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் நின்றது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவள் ஒழுங்காகத் திகதி போட்டிருந்தாள்.

அவளால் ஓடக்கூட முடியவில்லை. பக்கத்தில் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “உது என்ன தம்பி, எக்ஸ்ரேயோ?” என்று எட்டிப் பார்த்தார்.

பிரணவன் இரண்டு கையாலும் திரையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். பிறகு கம்பஸ் பிள்ளையிடம், “தங்கச்சி, உங்கடை சாமான் பின்னேரம்தான் வரும். பேந்து வாங்கோ,” என்றான். பெரியவரின் பிறிண்டரை எடுத்து அவர் கையில் கொடுத்து, பக்கத்துக் கடையில் மை இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னான். இருவரும் போனபின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவனுடைய காதுகள் சிவந்திருந்தன. சேரின் பழைய மாணவன் ஒருவனுக்கு முன்னால், உடுப்பு இல்லாமல் நிற்பதுபோல வினோஜா நின்றாள். இவன் இப்போது ஃபோனை எடுப்பான், எழும்பி நின்று ‘சேர்’ என்பான், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமையை நினைத்தாள். தாரிகாவை நினைத்தாள்.

“சேரோ?” என்று கேட்டான். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

அவள் கண்ணில் நீர் வந்ததைத் துடைக்காமல் நின்றாள்.

டிஸ்க் மறுபடி அடித்தது. அந்தச் சத்தம் இருவரையும் உலுப்பியது. பிரணவன் மறுபடி தொழில்காரனாக மாறினான். முன்னட்டை, வம்சாவளி, தேவாரம், மாமியாரின் படங்கள் எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் பென் டிரைவில் இழுத்துப் போட்டான். ஐந்து நிமிசத்தில் அது முடிந்தது. ‘அச்சகம் பழையது’ மட்டும் தனியே மிஞ்சிக் கிடந்தது.

“இனி டிஸ்க் கனநேரம் நிக்காது அக்கா. வாசிக்கிற வேகம் விழுந்திட்டுது.” இப்போதும் அவளைப் பார்க்கவில்லை. “உதை எடுக்கிறதோ, தாரிகாவின்ரை படங்களை எடுக்கிறதோ? நீங்கள்தான் சொல்லவேணும்.”

சொல்லவேண்டியிருந்தது. ஒன்பது மாதக் குழந்தையாய்த் தாரிகா முதன்முதல் எழும்பி நின்ற படம் அதற்குள் இருந்தது. ஏடு தொடக்கிய அன்று அரிசித் தட்டோடு அழுத படம். மழலையில் ‘அம்மா, பூனை’ என்று அவள் கூப்பிடுகிற ஒரு சின்ன வீடியோ. வினோஜா மனம் சரியில்லாத நாளெல்லாம் அதைப் போட்டுப் பார்த்துத்தான் எழும்பி அடுப்படிக்குப் போவாள். அதை விட்டுவிட்டுத் தன் முதுகின் படத்தை எடு என்று எந்தத் தாய் சொல்லுவாள்? பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை விட்டுக்கொடுப்பதா, பிள்ளையை வைத்துக்கொண்டு படத்தை விடுவதா? அப்படிக் கேட்டுப் பார்த்தால் பதில் சுலபம்தான்.

“உதை எடுங்கோ,” என்றாள். “அவருக்குப் போற பென் டிரைவிலை வேண்டாம். எனக்குத் தனியாய் வேணும்.” இத்தனை வருசத்தில் எனக்கு வேணும் என்று அவள் ஒருவரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

அவன் மேசை லாச்சியைத் திறந்து நகத்தளவு பென் டிரைவ் ஒன்றை எடுத்துக் கொழுவினான். ஒவ்வொரு கோப்பாக ஏறியது. படங்கள் சமாளித்து வந்தன. குரல் பதிவுகளில்தான் டிஸ்க் திக்கியது. ஒன்றில் நின்று, ஆறு நிமிசம் அடித்து, பிறகு விட்டது. வினோஜா சுவரிலிருந்த மணிக்கூட்டையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீதியில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. பத்து இருபதுக்கு முப்பத்தெட்டு வந்திருந்தது. மிச்சம் மூன்றும் வரவே இல்லை.

“இது காணும் அக்கா. இனிப் பிள்ளையின்ரை படத்தைப் பாப்பம்.”

பார்த்தார்கள். நூற்றிப் பன்னிரண்டு படம் வந்தது. தாரிகாவுக்கு இரண்டு மாதம் ஆகும்வரையிலான படங்கள், எல்லாவற்றிலும் நித்திரையாய்க் கிடந்தாள். அதற்குப் பிறகு டிஸ்க் ஒரு நீளமான சத்தம் போட்டு ஓய்ந்துவிட்டது. பிரணவன் வயரைக் கழற்றிக் கொழுவினான், தட்டினான், காதில் வைத்துக் கேட்டான். பிறகு மேசையில் வைத்தான்.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. அதை எத்தனை வண்டிக்கு நடுவிலும் வினோஜாவால் பிரித்துச் சொல்ல முடியும். பிரணவன் நகத்தளவு பென் டிரைவைப் பிடுங்கி மேசைக்குக் கீழால் நீட்டினான். அவள் வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடினாள். “நான் ஒண்டும் பாக்கேல்லை அக்கா,” என்றான் அவசரமாக. அது அவளைக் காப்பாற்றச் சொன்னதா, தன்னைக் காப்பாற்றச் சொன்னதா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை.

சேர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். வெள்ளை ஷேர்ட், கைமுட்டியில் சோக்குத் தூள். பிறிண்டரோடு திரும்பி வந்துகொண்டிருந்த பெரியவரிடம் பேரன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டார். “வினோ, வெய்யிலுக்கை வந்தனீ, ஏதும் குடிச்சனியோ?” என்று அவளிடம் கேட்டார். பெரியவர் அதைக் கேட்டுத் தலையாட்டிச் சந்தோசப்பட்டார். பிரணவன் எழும்பிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“கல்வெட்டு வந்ததோ?”

“ஓம் சேர். இந்தாங்கோ. வடிவாய் வந்தது.”

“பிள்ளையின்ரை படம்?”

“நூற்றிப் பன்னிரண்டு வந்தது சேர். பேந்து டிஸ்க் நிண்டிட்டுது.”

சேர் கறுப்புப் பென் டிரைவை ஷேர்ட் பொக்கெற்றில் போட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். கணித வாத்தியார் அல்லவா, கணக்கு அவருக்குத் தானாக ஓடும். “நான் எடுத்தது ஒன்பதே முக்காலுக்கு. கல்வெட்டு அஞ்சு நிமிச வேலை. நூறு படம் வர அஞ்சு நிமிசம் வைப்பம். இப்ப பத்தரை. மிச்சம் முப்பத்தஞ்சு நிமிசம் என்ன செய்தனீ?”

வினோஜாவின் கைக்குள் பென் டிரைவின் விளிம்பு தோலில் ஏறியது. மூச்சை விட்டால் சத்தம் கேட்டுவிடும் என்று பயந்து விடாமல் நின்றாள்.

“என்ரை பிழை சேர்,” என்றான் பிரணவன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “முழு டிஸ்கையும் ஒருமிக்க எடுக்கலாம் எண்டு வேறை வழியிலை வெளிக்கிட்டுப் பாத்தனான். சரிவரேல்லை. அதிலை நேரம் போட்டுது.”

“படிக்கேக்கையும் உவன் உப்பிடித்தான். சொன்ன வழியை விட்டிட்டு வேறை வழியாலை போவான்.” சேர் கையை மடக்கி அவனுடைய உச்சந்தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். இருபத்தெட்டு வயசு ஆளுக்கு, அவனுடைய சொந்தக் கடையில் வைத்து. பெரியவர் கடகடவென்று சிரித்தார். பிரணவனும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான். சேரும் சிரித்தார். அந்தக் கை போய் வந்த வேகத்தைப் பார்த்து வினோஜாவின் தோள் தானாகக் காதுவரைக்கும் ஏறி இறங்கியது. அதைப் பிரணவன் மட்டும் கண்டான்.

“சரி. உதை வேறை இடத்திலை குடுத்து எடுக்க ஏலாதோ? பிள்ளையின்ரை படம் எல்லோ.”

“கொழும்பிலை எடுப்பினம் சேர். டிஸ்கைப் பிரிச்சு, உள்ளுக்கை இருக்கிறதை எடுக்கிற இடம் இருக்கு. இரண்டு கிழமை செல்லும்...” சொல்லிக்கொண்டு வந்தவன் சட்டென்று நிறுத்தினான். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. “நிச்சயம் எண்டு சொல்ல ஏலாது சேர். சிலவேளை ஒண்டும் வராது.”

“வருதோ வரேல்லையோ, அனுப்பு. தாரிகா நாளைக்குக் கேட்டால் நான் என்ன சொல்லுறது? என்ரை பிள்ளையின்ரை படம் எனக்கு வேணும்.” அதைச் சொல்லும்போது அவருடைய குரல் உண்மையாகவே தழுதழுத்தது. மகளில் அவருக்கு உயிர். அதை வினோஜாவே இல்லை என்று சொல்லமாட்டாள். “ரியூட்டும் உதுக்குள்ளைதான் கிடக்கு. அதை இதை எண்டு பாராமல், உள்ளுக்கை இருக்கிற எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு. எடுத்து என்ரை கையிலை குடு.”

“எல்லாத்தையுமோ சேர்?”

“எல்லாத்தையும்.”

“ஓம் சேர்,” என்றான் பிரணவன்.

செத்துப்போன டிஸ்கைக் குமிழ்த்தாளில் சுற்றி, ஒட்டி, பெட்டியில் வைத்து, மேலே கொழும்பு விலாசத்தை எழுதினான். எழுதி முடிக்கும்வரை நிமிரவில்லை. அவனால் அதற்கு மேல் முடியாது என்று வினோஜாவுக்கு விளங்கியது. அவனில் கோபமும் வரவில்லை. இரண்டு கிழமை. பதினாலு நாள். செவ்வாய்க்கிழமைக்கு மூன்று நாள். முப்பத்தெட்டுக் கோப்பு கையில். நாற்பத்தொன்றும் கொழும்புக்கு. சேரிடம் கணக்குப் படிக்காதவளுக்கும் இந்தக் கணக்கு விளங்கியது. பதினாலாம் நாள் அந்த வீட்டில் அவளும் பிள்ளையும் இருக்கக்கூடாது.

“வா, பிள்ளையையும் ஏத்திக்கொண்டு வீட்டை போவம். எனக்கு இனி இரண்டு மணிக்குத்தான் வகுப்பு,” என்றார் சேர். அவளுடைய கைப்பையைத் தானே வாங்கி மோட்டார் சைக்கிளின் கைபிடியில் கொழுவினார். சுடிதாரில் பொக்கெற் கிடையாது. வீதி நிறைய ஆட்கள். வினோஜா இடக்கையைப் பொத்தியபடியே பின்னால் ஏறினாள்.

நடன வகுப்பு வாசலில் தாரிகா சலங்கைப் பையோடு ஓடிவந்து இருவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டாள். தகப்பனின் முதுகில் கன்னத்தை வைத்து, அன்றைக்கு ரீச்சர் தன்னை முன்வரிசையில் விட்டதைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தாள். அவளைச் சுற்றி வினோஜா கையைப் போட்டிருந்தாள், விரல்களை மூடியபடி. ரயில் கடவைக்குக் கிட்ட வந்தபோது தடை இறங்கிவிட்டது. முன்னும் பின்னும் சைக்கிள்களும் ஓட்டோக்களும் வந்து நின்றன. சேர் என்ஜினை நிற்பாட்டினார்.

“அப்பா, என்ரை படமெல்லாம் வந்திட்டுதோ?”

“கொழும்புக்குப் போகுது அம்மாச்சி. இரண்டு கிழமையிலை எல்லாம் வரும்.”

தாரிகாவுக்கு அது போதுமாக இருந்தது. குனிந்து தன் வயிற்றின் மேலிருந்த தாயின் கையைப் பார்த்தாள். பொத்தின கையைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“அம்மா, எனக்கு ரொபி வாங்கினனீங்களோ? காட்டுங்கோ!”

“ஒண்டுமில்லையம்மா. சும்மா இரு.”

“பொய். என்னவோ வைச்சிருக்கிறியள். அப்பா, அம்மா கையுக்கை ஒளிக்கிறா!”

பக்கக் கண்ணாடியில் சேரின் கண்கள் தண்டவாளத்தை விட்டு மெல்லத் திரும்பின. தூரத்தில் ரயில் கூவியது. தாரிகா சிரித்துக்கொண்டே தாயின் சின்னவிரலுக்குக் கீழே தன் விரலைச் செருகி அதை நிமிர்த்தினாள். பிறகு மோதிரவிரலைப் பிடித்தாள்.